அமெரிக்க பிரசிடென்ட்டுக்கு மார்க் போட எந்த ஸ்கேல் எடுக்கலாம்?

போன மாசம் முழுக்க எங்க வீட்டு டைனிங் டேபிள்ல ஒரே பஞ்சாயத்து. பொண்ணு பதினொண்ணாவது படிக்கிறா, இங்க நியூஜெர்சில, யூஎஸ் ஹிஸ்டரிக்கு ஒரு பெரிய அசைன்மென்ட், ரெண்டு பிரசிடென்ட்ட எடுத்து யார் நல்ல தலைவர்னு வாதாடணும், ஆனா அதுக்கு முன்னாடி எந்த அளவுகோல வச்சு சொல்ற, ஏன் அத எடுத்தன்னு ஒரு பக்கம் எழுதணும். ஆள் ரெண்டு பேரையும் அஞ்சு நிமிஷத்துல எடுத்துட்டா, ஆண்ட்ரூ ஜான்சனும் யுலிசஸ் கிராண்ட்டும், அடிமைத்தனம் விஷயத்துல வடக்கும் தெற்கும் மோதின சிவில் வார் முடிஞ்ச கையோட அடுத்தடுத்து வந்தவங்க. அந்த ஒரு பக்கத்துக்குத்தான் மூணு வாரம் ஓடுச்சு. ஏன்னா நெட்ல தேடினா பட்டியல் கொட்டிக் கிடக்கு, பெரும்பாலும் எல்லாத்துலயும் மேல லிங்கன், வாஷிங்டன், ஃபிராங்க்ளின் ரூஸ்வெல்ட்னு அதே மூணு பேர் இடம் மாத்தி மாத்தி உக்காந்திருப்பாங்க, சரி ஒரே மாதிரிதானேன்னு கொஞ்சம் கீழ இறங்கினா ஒண்ணுக்கொண்ணு சம்பந்தமே இருக்காது. ரீகன் ஒரு பட்டியல்ல 9, இன்னொண்ணுல 16. எத நம்பறது?

நானும் கூட உக்காந்து படிச்சேன், அதனால எனக்கு தேறினத இங்க எழுதுறேன். நான் ஹிஸ்டரி படிச்சவன் இல்ல, வேலைக்கு எக்செல் தட்டுறவன், ஆனா மார்க் ஷீட் பாத்து வளந்த ஊர்க்காரன், மார்க் எங்க பொய் சொல்லும்னு கொஞ்சம் தெரியும்.

இந்த விளையாட்ட ஆரம்பிச்சு வச்சது ஆர்தர் ஷ்லெசிங்கர் சீனியர், ஹார்வர்ட் ப்ரொஃபசர். 1948ல லைஃப் பத்திரிகைக்காக 55 பேர்கிட்ட கேட்டார், பெரும்பாலும் ஹிஸ்டரி ப்ரொஃபசருங்க. மாபெரும் தலைவர், கிட்டத்தட்ட மாபெரும், சராசரி, சராசரிக்கும் கீழ, தோல்வின்னு அஞ்சு டப்பா, ஒவ்வொருத்தரையும் ஏதாவது ஒரு டப்பாவுல போடு, பதவில இருந்தப்போ செஞ்சத மட்டும் பாரு, முன்ன பின்ன செஞ்சது வேணாம், அவ்ளோதான் ரூல். எத வச்சு மாபெரும்ங்கிறத அவங்கவங்களே முடிவு பண்ணிக்கலாம். 1962ல நியூயார்க் டைம்ஸ் மேகசினுக்காக 75 பேர வச்சு திரும்ப பண்ணார், 1996ல அவர் மகன் ஆர்தர் ஷ்லெசிங்கர் ஜூனியர் 32 பேர வச்சு பண்ணார்.

இதுல எனக்கு பிடிச்ச விஷயம், 1962ல அந்த ஃபார்ம் அப்போ பதவில இருந்த கென்னடிக்கும் போச்சு, அவரும் ஹிஸ்டரி எழுதினவர்தானே. முதல்ல நிரப்பலாம்னு நெனச்சார், அப்புறம் விட்டுட்டார். அந்த நாற்காலில உக்காராதவன், டேபிளுக்கு வந்த கடுதாசியையும் தகவலையும் பாக்காதவன், பாவம் புக்கானனுக்குக் கூட மார்க் போடக் கூடாதுங்கற மாதிரி டேவிட் டொனால்டுங்கற ஹிஸ்டரி ப்ரொஃபசர்கிட்ட சொல்லியிருக்கார். புக்கானன் யார்னா, சிவில் வார் வெடிக்கறதுக்கு முன்னாடி தென் மாகாணங்க ஒவ்வொண்ணா கழண்டு போனப்போ கைய பிசைஞ்சுக்கிட்டு இருந்தவர், இன்னைக்கும் பெரும்பாலான பட்டியல்ல கடைசி பெஞ்சு. கென்னடி சொன்னதுல நியாயம் இருக்கு. ஆனா அத ஏத்துக்கிட்டா எந்த பிரசிடென்ட்டையும் இன்னொரு பிரசிடென்ட்தான் எடை போட முடியும்னு ஆயிடும், அது சரியா வராது.

ஷ்லெசிங்கர் வழிய எடுத்துக்கலாமான்னா, மொத்தமா மனசுல பட்டத சொல்றது வேகமா நடக்கும், ஆனா உள்ள என்ன கணக்கு ஓடுச்சுன்னு வெளிய தெரியாது. யாரு கேக்குறாங்க, யார்கிட்ட கேக்குறாங்கங்கறதுலயே பாதி பதில் வந்துடும். தாமஸ் பெய்லிங்கற ஸ்டான்ஃபோர்ட் ப்ரொஃபசர் அப்பவே இது டெமாக்ரட் பக்கம் சாஞ்ச ஆளுங்களோட பட்டியல்னு சண்டை போட்டார். 2000ல ஃபெடரலிஸ்ட் சொசைட்டிங்கற வலதுசாரி வக்கீல்கள் அமைப்பும் வால்ஸ்ட்ரீட் ஜர்னலும் சேர்ந்து ரெண்டு பக்க சாய்வும் சமமா இருக்கற மாதிரி 78 பேர பொறுக்கி கேட்டாங்க, வாஷிங்டன் முதல், ரீகன் 8. அதே வருஷம் சீ-ஸ்பான் பட்டியல்ல ரீகன் 11. பெரிய வித்தியாசம் இல்லதான், ஆனா மேல் மூணு பேர் மட்டும் எந்தப் பக்கத்து ஆளுங்கள கேட்டாலும் நகர மாட்டேங்கறாங்க. அதனால "லிங்கன் நல்லவரா"ங்கற கேள்விக்கு எந்த ஸ்கேலும் ஓகே, நடுவுல இருக்கறவங்களுக்குத்தான் ஸ்கேல் முக்கியம்.

அடுத்தது சீ-ஸ்பான், அமெரிக்க பார்லிமென்ட்ட நேரடியா காட்டற அந்த டிவி சேனல்காரங்க. 2000, 2009, 2017, 2021ன்னு நாலு தடவ பண்ணியிருக்காங்க, கடைசி தடவ 142 பேர் மார்க் போட்டாங்க. இங்க பத்து சப்ஜெக்ட் இருக்கு. மக்கள பேசி இழுக்கறது, நெருக்கடில நடந்துக்கறது, பொருளாதாரம், தார்மீக பலம், வெளிநாட்டு உறவு, நிர்வாகம், காங்கிரஸோட (அதான் அங்க பார்லிமென்ட்) உறவு, தொலைநோக்கு, எல்லாருக்கும் சம நீதி, அப்புறம் அந்தந்த காலத்து சூழ்நிலைல எப்படி செஞ்சாருங்கறது. ஒவ்வொண்ணுக்கும் ஒண்ணுலேந்து பத்து வரை, அத நூறுக்கு மாத்தி, எல்லாம் சேர்த்து ஆயிரத்துக்கு. 2021ல லிங்கனுக்கு 897, வாஷிங்டன் 851, ரூஸ்வெல்ட் 841. எங்க ஊர் பிளஸ் டூ டோட்டல் மாதிரியே இருக்கா?

அதுலதான் பிரச்சனையும் இருக்கு. பத்து சப்ஜெக்ட்டுக்கும் சம வெயிட். நாடே ரெண்டா பிளந்தப்போ லிங்கன் நின்னதும் ஒரு பேப்பர், ஆபீஸ ஒழுங்கா நடத்தறதும் ஒரு பேப்பர். டோட்டல் போட்டா ரெண்டும் ஒண்ணுதான்! லிண்டன் ஜான்சன எடுங்க, கறுப்பர்களுக்கு சம உரிமையும் ஓட்டுரிமையும் உறுதி பண்ண 1964 சிவில் ரைட்ஸ் ஆக்ட், 1965 வோட்டிங் ரைட்ஸ் ஆக்ட், அதே வருஷம் வயசானவங்களுக்கு அரசு மருத்துவ இன்சூரன்ஸான மெடிகேர், காங்கிரஸ்ல ஒவ்வொரு ஓட்டையும் கைய பிடிச்சு முறுக்கி வாங்கினவர், சம நீதி சப்ஜெக்ட்ல லிங்கனுக்கு அடுத்து ரெண்டாவது இடம். அதே மனுஷன்தான் வியட்நாம்ல ஆயிரக்கணக்குல இருந்த அமெரிக்க ஆளுங்கள அஞ்சு லட்சத்துக்கு மேல கொண்டு போய் நிறுத்தினவர், வெளிநாட்டு உறவுல கடைசி வரிசை. கூட்டி கழிச்சு 11ஆவது ரேங்க். தமிழ்ல 98, கணக்குல 20 வாங்குன பையன "நல்லா படிக்கிற பையன்"னு சொல்ற கதை. அந்த 11 உண்மைல லிண்டன் ஜான்சனப் பத்தி ஒண்ணுமே சொல்லல, பத்து தனித்தனி மார்க்கும்தான் சொல்லுது. இன்னொரு உதாரணம் ரூஸ்வெல்ட், 1942 ஃபிப்ரவரில ஒரே கையெழுத்துல சுமார் 1,20,000 ஜப்பானிய வம்சாவளிக்காரங்கள வீட்ட விட்டு கெளப்பி முகாம்ல அடைக்க வழி பண்ணவர், அதுல பெரும்பாலானவங்க அமெரிக்க குடிமக்கள். டோட்டல்ல அது எங்க போச்சுன்னே தெரியல, மூணாவது இடத்துல ஜம்முனு இருக்கார்.

சியெனா காலேஜ்காரங்க 1982லேந்து பண்றாங்க, அங்க இருபது சப்ஜெக்ட், அறிவு, கற்பனை, நேர்மை, பெரிய தப்பு பண்ணாம தப்பிச்சது, இதெல்லாம் உண்டு, கூடவே அதிர்ஷ்டம்னு ஒரு சப்ஜெக்ட்! படிச்சதும் சிரிச்சுட்டேன், அப்புறம் யோசிச்சா அது ஒண்ணும் மோசமில்ல, ஹூவர் 1929 மார்ச்ல பதவிக்கு வந்தார், அக்டோபர்ல ஷேர் மார்க்கெட் தலைகுப்புற விழுந்துச்சு, அத வேற எந்த சப்ஜெக்ட்ல போடுவீங்க? ஆனா 2022 கணக்குல 45 பேர், இருபது சப்ஜெக்ட்னா ஒரு ஆள் 900 கட்டம் நிரப்பணும். செஸ்டர் ஆர்தரோட கற்பனைத் திறன் பத்துல எவ்ளோன்னு கேட்டா எந்த ப்ரொஃபசருக்கும் கை நடுங்கணும், நடுங்காம போட்டா அது குத்துமதிப்பு. சப்ஜெக்ட் கூட கூட துல்லியம் கூடுற மாதிரி தெரியும், கூடாது.

இதே சிக்கல் குட்டி பிரசிடென்ட்டுங்க கிட்டயும் வருது. 1841ல பதவியேத்து ஒரே மாசத்துல செத்துப் போன வில்லியம் ஹென்றி ஹாரிசன் சீ-ஸ்பான் 2021ல 40ஆவது, அதாவது அவருக்குக் கீழ நாலு பேர், ட்ரம்ப், பியர்ஸ், ஆண்ட்ரூ ஜான்சன், புக்கானன். ஒரே மாசம் பதவில இருந்து, அதுலயும் கடைசி நாட்கள்ல ஜுரத்துல படுத்திருந்தவர் முழு டெர்ம் ஓட்டினவங்கள முந்திட்டார். சும்மா இருந்தாலே போதும் போல. ஷ்லெசிங்கர் இந்த விஷயத்துல சாமர்த்தியசாலி, ஹாரிசனையும் ஆறரை மாசத்துல போன கார்ஃபீல்டையும் பட்டியல்லயே சேக்கல.

பொலிட்டிகல் சயின்ஸ்காரங்களோட பட்டியல் ஒண்ணு இருக்கு, ராட்டிங்ஹாஸ், வான்னு ரெண்டு பேர் 2015, 2018, 2024ல பண்ணது. சப்ஜெக்ட் எல்லாம் இல்ல, பூஜ்யத்துலேந்து நூறு வரை ஒரே மார்க். 2024ல 154 பேர், லிங்கனுக்கு 93.87, ட்ரம்ப்புக்கு 10.92, அதான் கடைசி, 45. பைடன் அப்போ பதவில இருக்கும்போதே 14. இது எனக்கு ஒத்துக்கல, சட்டில வேகும்போதே சோறு எப்படின்னு சொல்றது. ட்ரூமன பாருங்க, 1952 ஃபிப்ரவரில கேலப் சர்வேல 22 சதவீதம் பேருக்குத்தான் அவர் வேலை பிடிச்சிருந்துச்சு, பத்து வருஷம் கழிச்சு ஷ்லெசிங்கர் பட்டியல்ல கிட்டத்தட்ட மாபெரும் டப்பாவுக்கு போயிட்டார். ஐசனோவர் நேர் எதிர், மக்களுக்கு பிடிச்சவர், ஆனா 1962ல 31 பேர்ல இருபதுக்கும் கீழ. கோல்ஃப் ஆடிட்டு சும்மா இருந்த மனுஷன்னு நெனச்சாங்க, அப்புறம் எழுபதுகள்ல அவரோட செகரட்டரி ஆன் விட்மன் வச்சிருந்த ஃபைல்கள் திறந்து வந்ததும் ஃப்ரெட் கிரீன்ஸ்டைன் மாதிரி ஆளுங்க படிச்சு பாத்து, அட இவர் திரைக்குப் பின்னாடி நின்னு எல்லாத்தையும் ஆட்டி வச்சிருக்காரேன்னாங்க, 2017லேந்து சீ-ஸ்பான்ல அஞ்சாவது இடம். ஃபைல் திறக்க இருபது வருஷம் ஆகும்னா அதுக்குள்ள மார்க் போட்டு என்ன பிரயோஜனம். ஆனா இந்த 2024 பட்டியல்ல ஒரு நல்ல காரியம், பதில் சொன்னவங்க எந்த கட்சி சாய்வுன்னும் பிரிச்சு போடுறாங்க, ரிபப்ளிகன்னு சொல்லிக்கிட்டவங்களும் ட்ரம்ப்ப கடைசி அஞ்சு பேருக்குள்ளதான் வச்சிருக்காங்க. அத மத்த பட்டியல்லயும் செஞ்சா நல்லாருக்கும்.

பொதுமக்கள் ஓட்டு? அத எடுக்காதீங்க. 2011ல கேலப் யார் மிகப் பெரிய பிரசிடென்ட்னு கேட்டப்போ ரீகன் 19 சதவீதத்தோட முதல், லிங்கன் 14, கிளின்டன் 13. ஞாபகத்துல இருக்கறவங்க ஜெயிப்பாங்க, அவ்ளோதான். ஜார்ஜ் டபிள்யூ புஷ் 2001 செப்டம்பர்ல 90 சதவீதம், 2008ல 25.

இதுக்கெல்லாம் வெளிய நின்னு பேசுறவர் யேல் ப்ரொஃபசர் ஸ்டீஃபன் ஸ்கோவ்ரொனெக். அவர் மார்க்கே போடல. ஒரு பிரசிடென்ட் எந்த நேரத்துல வந்தார்னு பாக்கறார். பழைய ஏற்பாடு உளுத்துப் போய், அத எதிர்த்து ஜெயிச்சு வந்தவருக்கு எல்லாத்தையும் உடைச்சு புதுசா கட்ட இடம் கிடைக்கும், ஜெஃபர்சன், ஜாக்சன், லிங்கன், ரூஸ்வெல்ட், ரீகன் எல்லாம் அப்படி வந்தவங்க. அதே உளுத்துப் போன ஏற்பாட்டோட ஆளா வந்து மாட்டிக்கிட்டவங்க புக்கானன், ஹூவர், கார்ட்டர். கவனிச்சீங்களா, ஹூவருக்கு அடுத்து ரூஸ்வெல்ட், கார்ட்டருக்கு அடுத்து ரீகன், புக்கானனுக்கு அடுத்து லிங்கன். முன்னாடி ஆள் விழுந்தாத்தான் அடுத்த ஆள் எழ முடியும். கிரிக்கெட் பாக்கறவங்களுக்கு சொல்லணும்னா, ஸ்கோர் கார்ட தூக்கிப் போட்டுட்டு பிட்ச்ச பாருங்கறார். எனக்கு ரொம்ப பிடிச்சிருச்சு. பொண்ணுக்கு பிடிக்கல. "அப்பா, அப்போ யாருமே எதுக்கும் பொறுப்பு இல்லையா, புக்கானன் தப்பு பண்ணல, பிட்ச்தான் தப்பு பண்ணுச்சா"ன்னு கேட்டா. பதில் சொல்ல முடியல எனக்கு.

கடைசியா, உங்க கொள்கைய முன்னாடியே அறிவிச்சுட்டு அளக்கறது ஒண்ணு இருக்கு. அரசாங்கம் சின்னதா இருக்கணும்ங்கற கட்சிக்காரர் ஒருத்தர் 2009ல சமாதானம், செழிப்பு, சுதந்திரம்னு மூணே அளவுகோல் வச்சு அளந்தார், ஜான் டைலர் முதல் இடம், உட்ரோ வில்சன் கடைசி. ஜான் டைலர் யார்னு அமெரிக்காவுல பிறந்தவங்களே யோசிப்பாங்க, மேல சொன்ன ஒரு மாச ஹாரிசனுக்கு அடுத்து வந்தவர், பின்னால பிரிஞ்சு போன தென் மாகாணங்களோட காங்கிரஸ்க்கே தேர்ந்தெடுக்கப்பட்டவர். எனக்கு இந்த முடிவு சுத்தமா ஒத்துக்காது, ஆனா இவர் தன் தராச டேபிள் மேல வச்சுட்டு எடை போடுறார், ஷ்லெசிங்கரோட 55 பேரும் தராச மறைச்சு வச்சுக்கிட்டு போட்டாங்க.

சரி, எத எடுத்தோம்? என் கட்சி ஆரம்பத்துலேந்து சீ-ஸ்பான்தான், ஆனா டோட்டல கிழிச்சுப் போட்டுட்டு தனித்தனி சப்ஜெக்ட் மட்டும். கிராண்ட்டுக்கு அப்படி பாத்தா படம் தெளிவா வருது, சம நீதில நல்லா மேல, நிர்வாகத்துல நல்லா கீழ. ஏன்னா 1870ல ஜஸ்டிஸ் டிபார்ட்மென்ட் ஆரம்பிச்சது அவர் காலத்துல, 1871ல கறுப்பர்கள அடிச்சு மிரட்டின கூ க்ளக்ஸ் க்ளான் கும்பல ஒடுக்க சட்டம் வாங்கி, சவுத் கரோலினாவுல ஒன்பது கவுண்டில ஹேபியஸ் கார்பஸையே, அதாவது கைதான ஆள கோர்ட்டுல நிறுத்திக் காட்டணும்ங்கற உரிமையையே, நிறுத்தி வச்சு ஆளுங்கள அள்ளினார். இன்னொரு பக்கம் அவர் நம்பின ஆளுங்க விஸ்கி வரில கொள்ளையடிச்சாங்க, சொந்த செகரட்டரி பேப்காக் மேல கேஸ் வந்தப்போ இவரே சாட்சி சொல்லி காப்பாத்தினார், போர்த்துறை மந்திரி பெல்நாப் லஞ்சத்துல மாட்டி 1876ல ராஜினாமா. ரெண்டும் ஒரே ஆள்தான், எதுக்கு சராசரி எடுக்கணும்?

பொண்ணு அதுக்கும் மேல ஒரு படி போனா, அங்கதான் நான் தோத்தேன். ஒரு பட்டியல எடுக்காத, எல்லா வருஷத்தையும் எடுன்னா. 1948ல 29 பேர்ல ஆண்ட்ரூ ஜான்சன் 19, கிராண்ட் 28. அதாவது ஜான்சன் நடுத்தரம், கிராண்ட் தோல்வி. சீ-ஸ்பான் 2000ல ஜான்சன் 41 பேர்ல 40, கிராண்ட் 33. 2009ல கிராண்ட் 23, 2017ல 22, 2021ல 20, ஜான்சன் அப்பவும் கடைசிக்கு முந்தின இடம்தான். 2024 பட்டியல்ல கிராண்ட் 17. (ஒரு எச்சரிக்கை, 29ல 19உம் 44ல 19உம் ஒண்ணு இல்ல, சதவீதமா மாத்திட்டுத்தான் கோடு போடணும், முதல் தடவ நாங்க மாத்தாம போட்டு அசிங்கமா வந்துச்சு.)

இந்த ரெண்டு பேரும் செத்து நூறு வருஷத்துக்கு மேல ஆச்சு, ஐசனோவருக்கு மாதிரி புதுசா ஃபைல் திறந்து விட்ட கதையும் பெருசா இல்ல. அப்போ நகர்ந்தது யாரு? 1948ல ஓட்டு போட்ட ப்ரொஃபசருங்க படிச்சது டன்னிங் பள்ளி சரித்திரம், கொலம்பியா யுனிவர்சிட்டில வில்லியம் டன்னிங்கும் அவர் மாணவர்களும் எழுதினது, அடிமைத்தனத்துலேந்து விடுபட்ட கறுப்பர்களுக்கு ஓட்டுரிமை கொடுத்ததே பெரிய தப்பு, வடக்கத்தி ஆளுங்க தெற்க கொள்ளையடிச்சாங்கங்கறதுதான் அதோட சாரம். அந்தக் கண்ணாடில பாத்தா 1866 சிவில் ரைட்ஸ் ஆக்ட்ட வீட்டோ பண்ண ஜான்சன் அரசியல் சட்டத்த காப்பாத்தினவர், படைய அனுப்பின கிராண்ட் ஊழல்கார முரடர். சுப்ரீம் கோர்ட் வேற 1926ல மையர்ஸ் கேஸ்ல, எந்த சட்டத்த மீறினார்னு 1868ல ஜான்சன பதவில இருந்து தூக்கப் பாத்தாங்களோ அந்த சட்டமே செல்லாதுங்கற மாதிரி சொல்லிடுச்சு, அவருக்கு அது பெரிய சர்டிஃபிகேட். டு பாய்ஸ்ங்கற கறுப்பின சரித்திர ஆய்வாளர் 1935லயே இதெல்லாம் தப்புன்னு ஆதாரத்தோட எழுதினார், அப்போ ப்ரொஃபசருங்க பெருசா காதுல வாங்கல. அறுபதுகள்ல சிவில் ரைட்ஸ் போராட்டம் நடந்து, எரிக் ஃபோனர் மாதிரி ஆளுங்க 1988 வாக்குல முழுசா திருப்பி எழுதினப்பறம்தான் கேள்வியே மாறிச்சு. நாட்ட ஒட்ட வச்சவர் யாருங்கறது போய், விடுதலையானவங்கள காப்பாத்தினது யாருன்னு கேக்க ஆரம்பிச்சாங்க. சீ-ஸ்பான்ல சம நீதின்னு ஒரு சப்ஜெக்ட் இருக்கறதே இந்த மாற்றத்தோட விளைவுதான்னு நான் நெனக்கிறேன், 1948ல யாரும் அப்படி ஒரு கட்டம் போட்டிருக்க மாட்டாங்க.

அதனால அவ அந்த ஒரு பக்கத்துல எழுதினது இதுதான், என் அளவுகோல் 2021 சீ-ஸ்பானோட சம நீதி, நெருக்கடி, நிர்வாகம்ங்கற மூணு சப்ஜெக்ட், டோட்டல் எடுக்க மாட்டேன், அதோட 1948லேந்து ரேங்க் எப்படி நகர்ந்துச்சுங்கற கிராஃபையும் பக்கத்துல வைப்பேன், ஏன்னா என் மூணு சப்ஜெக்ட்டும் என் காலத்தோட சப்ஜெக்ட்னு படிக்கறவங்களுக்கு தெரியணும். ஜான்சன் கோடும் கிராண்ட் கோடும் நடுவுல எங்கயோ கத்திரிக்கோல் மாதிரி வெட்டிக்குது. என் மனைவி காபியோட வந்து கிராஃப எட்டிப் பாத்துட்டு "இது ஷேர் மார்க்கெட்டா"ன்னு கேட்டுட்டு போனா.

அவசரத்துக்கு ஒரு பட்டியல் வேணும், குவிஸ்க்கோ அரட்டைக்கோன்னா 2024 பட்டியல எடுத்துக்கோங்க, சுருக்கமா இருக்கும், கடைசியா வந்த நாலஞ்சு பேர மட்டும் கைய வச்சு மறைச்சுக்கோங்க. ஒரு ஆளப் பத்தி உக்காந்து படிக்கணும்னா சீ-ஸ்பான் சப்ஜெக்ட் மார்க், அதுல எங்க ரொம்ப மேலயும் எங்க ரொம்ப கீழயும் இருக்கோ அந்த ரெண்டு இடத்துலேந்து புத்தகம் தேடுங்க. ஸ்கோவ்ரொனெக் ரெண்டாவது ரவுண்டுக்கு, அடுத்தடுத்து வந்த ரெண்டு பேர ஒப்பிடும்போது.

அசைன்மென்ட் போன வெள்ளிக்கிழமை குடுத்தாச்சு, மார்க் இன்னும் வரல. ஆனா கிராஃப் போடுற பைத்தியம் விடல அவளுக்கு. நேத்து ஜாக்சன் கோட போட்டு காட்டினா, 1948ல மாபெரும் டப்பாவுல ஆறாவது, 2021ல 22, பூர்வகுடி மக்கள அவங்க நிலத்துலேந்து வெளியேத்தின 1830 இண்டியன் ரிமூவல் ஆக்ட்டப் பத்தி ஆளுங்க பேச ஆரம்பிச்சதும் சரிவு. இப்போ அவ உக்காந்திருக்கறது ஜேம்ஸ் போல்க் கிட்ட. மெக்சிகோவோட சண்டை போட்டு கலிஃபோர்னியா வரை நிலத்த புடுங்கினவர், பதவில இருக்கும்போதே ரகசியமா அடிமைகள வாங்கினவர், 1948ல 10, சீ-ஸ்பான்ல 12, 12, 14, 18. ஜாக்சன் மாதிரி சட்டுனு விழாம இவர் மட்டும் ஏன் இவ்ளோ மெதுவா இறங்குறார்னு கேக்குறா, வேலைய திட்டம் போட்டு முடிச்சு சொன்ன மாதிரியே ஒரே டெர்ம்ல கெளம்பினதால நிர்வாக மார்க் தாங்கிப் பிடிக்குதோன்னு நான் சொல்றேன், அவ நம்பல, அந்த சப்ஜெக்ட் மார்க் எல்லாத்தையும் எக்செல்ல போட்டுத் தட்டறா.